மூளையை காப்பி எடுத்தா அங்க முழிக்கிறது யாரு?

நீங்க கேட்டது இதுதான்: ஒருத்தரோட மூளையை ஒரு செல் விடாம ஸ்கேன் பண்ணி, அதே மாதிரி ஒண்ணை கம்ப்யூட்டர்ல ஓட விட்டா அங்க முழிக்கிறது அவரேதானா, அவரோட உணர்வு அங்க தொடருமா. கூடவே கடைசியில ஒரு வரி, அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு, அதனாலதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன்னு. அந்த வரியைப் படிச்சதுக்கு அப்புறம் ரெண்டு வாக்கியத்துல பதில் சொல்லிட்டுப் போக மனசு வரல. நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். அங்க ஒருத்தர் முழிக்கலாம், அவருக்கு உணர்வு இருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா ஸ்கேனருக்குள்ள படுத்தவர் அங்க போய்ச் சேர மாட்டாரு. "காப்பிக்கு உணர்வு இருக்குமா" அப்படிங்கறது ஒரு கேள்வி, "அது நானா" அப்படிங்கறது வேற கேள்வி, முதல் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா ரெண்டாவதுக்கும் தானா ஆமான்னு வந்துடும்னு நிறைய பேரு நினைச்சுக்கறாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

நான் தத்துவம் படிச்சவன் இல்ல. பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது இதய ஆபரேஷன் நடக்கும்போது ஹார்ட் லங் மெஷினை ஓட்டுறவன், 14 வருஷமா இதுதான் வேலை. இந்தக் கேள்வி எனக்கு புஸ்தகத்துலேந்து வரல, தியேட்டர்லேந்து வந்தது. இதயத்துலேந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் அயோர்ட்டா, அது மேல போய் வளையற இடத்துலேந்துதான் மூளைக்குப் போற குழாய்கள் பிரியுது. அந்த வளைவு வீங்கிப் போனாலோ கிழிஞ்சாலோ சர்ஜன் அதை வெட்டிட்டு புதுசா தைக்கணும், அப்ப அங்க ரத்தம் ஓடிக்கிட்டு இருந்தா தைக்க முடியாது. அதனால மெஷின் வழியா ரத்தத்தைக் குளிர வச்சு ஆளை 18 டிகிரி வரைக்கும் இறக்குவோம், தலையைச் சுத்தி ஐஸ் வைப்போம், மூளையோட மின்சாரத்தைக் காட்டுற இஇஜி கோடு கொஞ்சம் கொஞ்சமா படுத்து நேர்கோடா ஆகும், அப்புறம் சர்ஜன் சொன்னதும் பம்பை நிறுத்திடுவேன். ராண்டல் கிரீப்ங்கற அமெரிக்க சர்ஜன் 1975ல இந்த முறையில வளைவு ஆபரேஷன் பண்ணிக் காட்டினாரு, அதுலேந்துதான் இது பரவலா வந்துது. இப்ப பெரும்பாலும் மூளைக்கு மட்டும் தனியா கொஞ்சம் ரத்தம் ஓட்டிக்கிட்டே இருப்போம், அந்தளவுக்கு குளிர வைக்கவும் மாட்டோம், ஆனா முழுசா நிறுத்தற கேஸும் வரும்.

அந்த இருபது நிமிஷம் எப்படி இருக்கும்னா, இதயம் துடிக்கல, மூச்சு இல்ல, ரத்தம் ஓடல, மூளையில கரண்ட் இல்ல. மானிட்டர்ல எல்லாக் கோடும் தட்டை. மெஷின் சத்தம் கூட இருக்காது, அந்த அமைதி எனக்கு இன்னும் பழகல. அப்புறம் பம்பை ஆன் பண்ணி மெதுவா சூடேத்துவோம். எனக்கு மறக்காத கேஸ் ஒண்ணு, மளிகைக் கடை வச்சிருந்தவரு, ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் ஐசியூல மனைவிகிட்ட சொன்ன முதல் விஷயம், இந்த மாச சீட்டுப் பணம் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த டப்பால பணம் இருக்குன்னுதான். சரியா சொன்னாரு.

இதுலேந்து ஒரு விஷயம் உறுதியா தெரியுது. நினைவும் குணமும் ஓடிக்கிட்டு இருக்கற மின்சாரத்துல இல்ல, செல்லும் செல்லும் சேர்ற இணைப்புல, அதோட கட்டமைப்புல எழுதி வச்சிருக்கு. மின்சாரம் முழுசா நின்னு திரும்ப வந்தாலும் ஆள் திரும்ப வர்றாரு. மூளையை காப்பி எடுத்தா போதும்னு சொல்றவங்க நிக்கிற அடித்தளமே இதுதான். நானே கண்ணால பார்த்ததால அவங்களை கிண்டல் பண்ண எனக்கு மனசு வராது.

ஆனா காப்பி எடுக்கறதுங்கறது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ஒரு அளவு வேணும். சி எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, அதுக்கு மொத்தமே 302 நியூரான், அதாவது நரம்பு செல். அதோட முழு வயரிங்கை சிட்னி பிரென்னர், ஜான் வைட் குழு 1986லயே வெளியிட்டாங்க. இத்தனை வருஷம் ஆகியும் அந்த வரைபடத்தை வச்சு ஒரு நிஜப் புழு பண்ற எல்லாத்தையும் பண்ற புழுவை கம்ப்யூட்டர்ல ஓட்ட முடியல. ஏன்னா எது எதோட சேருதுன்னு தெரிஞ்சா பத்தாது, ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு பலம், தூண்டுதா தடுக்குதா, எந்த நேரத்துல எந்த கெமிக்கல் வந்து மொத்த சர்க்யூட்டையே வேற மாதிரி வேலை செய்ய வைக்குது, இதெல்லாம் அந்தப் படத்துல கிடையாது. 2024 அக்டோபர்ல பழ ஈயோட முழு மூளை வரைபடம் வந்துது, கிட்டத்தட்ட 1,39,000 நியூரான், 5 கோடிக்கு மேல இணைப்பு, பிரமாதமான வேலை. அதே வருஷம் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனுஷ மூளையில ஒரு கன மில்லிமீட்டரை, அதாவது ஒரு ரவை அளவு துண்டை வரைஞ்சாங்க, அதுக்கே 1.4 பீட்டாபைட், அதாவது 14 லட்சம் ஜிபி டேட்டா. முழு மூளை அதைப்போல 12 லட்சம் மடங்கு, நியூரான் மட்டும் 8,600 கோடி. இன்னொண்ணு, இந்த விவரத்துல படம் எடுக்கணும்னா திசுவை கெமிக்கல்ல ஊற வச்சு கெட்டியாக்கி, தலைமுடியை விட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசா சீவித்தான் எடுக்க முடியும். உயிரோட இருக்கற மூளையை இந்த அளவுக்கு ஸ்கேன் பண்ற மெஷின் எங்கயும் கிடையாது.

சரி, ஒருநாள் முடிஞ்சுதுன்னே வச்சுக்குவோம். அந்த காப்பிக்கு உணர்வு இருக்குமா? ஜான் சர்ல்னு ஒரு தத்துவவாதி, கம்ப்யூட்டர்ல புயலை சிமுலேட் பண்ணா யாரும் நனையப் போறதில்ல, அப்புறம் மூளையை சிமுலேட் பண்ணா மட்டும் உணர்வு எப்படி வரும்னு கேட்டாரு. கேக்க பலமா இருக்கு. ஆனா அதே கம்ப்யூட்டர்ல ஒரு கூட்டல் கணக்கை சிமுலேட் பண்ணா அது நிஜமாவே கூட்டல்தானே? அப்ப உணர்வு மழை மாதிரியா கணக்கு மாதிரியா, முடிச்சு அங்கதான் இருக்கு. டேவிட் சால்மர்ஸ்ங்கற தத்துவவாதி கணக்கு பக்கம். ஒரு நியூரானை எடுத்துட்டு அதே வேலை செய்யற சிப் வைங்க, அப்புறம் இன்னொண்ணு, இப்படியே கடைசி வரைக்கும் மாத்துங்க, ஆளோட பேச்சு நடத்தை எதுவும் மாறாது. அப்படின்னா உணர்வு எந்த நியூரான்ல அணைஞ்சுது? பாதி மங்கிப் போயிருந்தா, "எனக்கு சிவப்பு பளிச்சுன்னு தெரியுது"ன்னு அவர் மனசார சொல்றது எப்படின்னு கேக்கறாரு. எதிர்ப்பக்கம் ஜூலியோ டோனோனி, கிறிஸ்டோஃப் கோக்னு ரெண்டு மூளை ஆராய்ச்சியாளருங்க, எந்த புரோகிராம் ஓடுதுங்கறதுல ஒண்ணும் இல்ல, அடியில இருக்கற பொருள் ஒண்ணை ஒண்ணு எப்படி பாதிக்குதுங்கறதுதான் உணர்வு, அதனால சாதாரண கம்ப்யூட்டர்ல மூளையை அச்சு அசலா ஓட்டினாலும் உள்ள யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. என் சாய்வு சால்மர்ஸ் பக்கம்தான். மயக்க மருந்து கொடுத்த மூளையில என்ன நிக்குதுன்னு வருஷக்கணக்கா பார்த்ததுல, செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறது நின்னா உணர்வு போகுது, பேச ஆரம்பிச்சா வருது. பேச்சுதான் முக்கியம்னா பேசற பொருள் எதா இருந்தா என்னன்னு தோணுது. ஆனா ஒரு உயிரை இதுமேல பந்தயம் கட்டச் சொன்னா கட்ட மாட்டேன்.

இப்ப ரெண்டாவது கேள்வி, எனக்கு இதுதான் முக்கியம். காப்பிக்கு முழு உணர்வு இருக்குன்னே ஒத்துக்குவோம். ஸ்கேனர் மூளையை சீவாம, உங்களுக்கு ஒரு கீறல் கூட விழாம காப்பி எடுக்குதுன்னு வைங்க. ஸ்கேன் முடிஞ்சு எழுந்திருக்கறீங்க, கழட்டி வச்ச செருப்பை மாட்டிக்கறீங்க, பக்கத்து ரூம்ல ஸ்க்ரீன்ல உங்க குரல், "அட, வந்துட்டேன், வலியே இல்ல, சூப்பர்"னு சொல்லுது. நர்ஸ் உங்க விரல்ல ஊசி குத்தறாங்க. யாருக்கு வலிக்கும்? உங்களுக்கு. ஸ்க்ரீன்ல இருக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப டாக்டர் வந்து "காப்பி நல்லா ஓடுது, இனி நீங்க தேவையில்ல, ஒரு ஊசி போட்டு முடிச்சுடலாம்"னு சொன்னா கையை நீட்டுவீங்களா? நீட்ட மாட்டீங்கன்னா, மூளையை சீவி எடுக்கற ஸ்கேனுக்கும் கையெழுத்து போடக் கூடாது, ஏன்னா அங்கயும் நடக்கறது இதேதான், காப்பி முழிக்கறதுக்கு முன்னாடியே உங்களை முடிச்சுடறதால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். டெரெக் பார்ஃபிட்ங்கற தத்துவவாதி 1984லயே இதைக் கொஞ்சம் வேற மாதிரி எழுதினாரு, செவ்வாய் கிரகத்துக்கு ஆளோட விவரத்தை மட்டும் ரேடியோல அனுப்பி அங்க புதுசா செய்யற மெஷின், ஒருநாள் பூமியில இருக்கறவரை அழிக்காம விட்டுடுது, ஆனா அவர் இதயம் பழுதாகி சில நாள்ல போயிடுவாருன்னு சொல்றாங்க. அவருக்கு அங்க ஒருத்தர் நல்லா இருக்காருங்கறதுல என்ன ஆறுதல்?

ரெண்டு காப்பி எடுத்தா இன்னும் தெளிவா தெரியும். ரெண்டும் "நான்தான் அவர்"னு சொல்லும். ரெண்டும் நீங்கன்னா, ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும். ஆனா ஒண்ணு டீ குடிக்குது, ஒண்ணு தூங்குது. ஒரே ஆள் இல்ல. இது தர்க்கமே, நம்பிக்கை விஷயம் இல்ல.

"ஆனா காப்பியே சொல்லுதே, ஸ்கேனர்ல படுத்தது ஞாபகம் இருக்கு, அடுத்த நொடி இங்க இருந்தேன்னு" அப்படின்னு கேப்பாங்க. அது பொய் சொல்லல. ஆனா அந்த வார்த்தை சாட்சியே ஆகாது, நீங்க நிஜமாவே அங்க போயிருந்தாலும் அது அப்படித்தான் சொல்லும், போகாம செத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லும். சாட்சி சொல்ல வேண்டிய ஒரே ஆள் பேச மாட்டாரு.

நாம கூடுவிட்டுக் கூடு பாயற கதை கேட்டு வளர்ந்தவங்க, அதனால "மூளையை ஏத்தறது"ன்னு கேட்டதும் அந்தக் காதாலயே கேக்கறோம்னு எனக்குப் படுது. திருமூலர் கதையில சாத்தனூர் பக்கம் மூலன்ங்கற மாடு மேய்க்கறவன் செத்துக் கிடக்கான், மாடுங்க சுத்தி நின்னு கண்ணீர் விடுது, அதைப் பார்த்த சிவயோகி தன் உடம்பை ஒரு இடத்துல வச்சுட்டு மூலன் உடம்புக்குள்ள போறாரு. மூலனோட மனைவி வந்து கூப்பிட்டா, உனக்கும் எனக்கும் உறவில்லைன்னு சொல்லிடறாரு, திரும்பி வந்து பார்த்தா வச்ச உடம்பைக் காணோம். அந்தக் கதையில ஏதோ ஒண்ணு இங்கேந்து கிளம்பி அங்க போகுது. காப்பியில எதுவும் கிளம்பல. விவரம் மட்டும் போகுது. பென் டிரைவ்ல ஒரு ஃபைலை கட் பண்ணி கம்ப்யூட்டர்ல பேஸ்ட் பண்ணா ஃபைல் நகர்ந்த மாதிரி நமக்குத் தெரியும், உள்ள நடக்கறது என்னன்னா அங்க புதுசா ஒண்ணு எழுதறாங்க, அப்புறம் இங்க அழிக்கறாங்க. ஃபைலுக்கு அது பரவாயில்ல, அழியறதை அனுபவிக்க ஃபைல்ல யாரும் இல்ல.

இதுக்கு எதிரா ஒரு நல்ல வாதம் இருக்கு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. உங்க உடம்புல இருக்கற பொருளே மாறிக்கிட்டுத்தானே இருக்கு, அப்ப நேத்தைய நீங்களும் இன்னைக்கு இருக்கற காப்பிதானே? இதுல ஒரு அழகான ஆராய்ச்சி உண்டு. 1950கள்லயும் 60களோட ஆரம்பத்துலயும் நடந்த அணுகுண்டு சோதனைகளால காத்துல கார்பன் 14 ஏறிடுச்சு, ஒரு செல் பிறந்த வருஷம் அதோட டிஎன்ஏல முத்திரை மாதிரி பதிஞ்சிருக்கு. ஸ்வீடன்ல யோனாஸ் ஃப்ரிசேன் குழு அதை அளந்து, பெரிய மூளையோட மேல் பகுதியில இருக்கற நியூரான்களுக்கு கிட்டத்தட்ட நம்ம வயசேதான்னு கண்டுபிடிச்சாங்க. ஆனா அந்த செல்லுக்குள்ள இருக்கற புரோட்டீன் பெரும்பாலும் நாள் கணக்குலயும் வாரக் கணக்குலயும் மாறிக்கிட்டே இருக்கு. அதாவது கட்டடம் அதே, செங்கல் மாறுது. இதனால காப்பிக்காரங்க சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன், பொருள் மட்டும் நான் இல்ல. சால்மர்ஸ் சொன்ன மாதிரி வருஷக்கணக்குல ஒவ்வொரு நியூரானா மாத்தினா, கடைசியில இருக்கறவர் அதே ஆள்தான்னு கூட சொல்லுவேன். வேகம் கம்மிங்கறதால இல்ல. குடியிருக்கற வீட்டுக்கு ஆளுங்க உள்ள இருக்கும்போதே ஒவ்வொரு ஓடா மாத்தறது வேற, பக்கத்து மனையில அச்சு அசலா இன்னொரு வீடு கட்டிட்டு ஆளோட சேர்த்து பழசை இடிக்கறது வேற. முதல்ல எந்த நிமிஷத்துலயும் ரெண்டு வீடு இல்ல, புது ஓடு பழைய கூரையோட சேர்ந்து மழையைத் தாங்குது.

என் குளிர வச்ச பேஷண்டும் இப்படித்தான். அவருக்கு கட்டமைப்பும் இருந்துது, அதைத் தாங்கின மூளையும் அங்கயே இருந்துது. அதனால அந்த கேஸை வச்சு "கட்டமைப்பு போதும்"னு சொல்லவும் முடியாது, "பொருள்தான்"னு சொல்லவும் முடியாது, ரெண்டும் பிரியவே இல்லயே. பிரியற இடம் காப்பி எடுக்கற இடம் மட்டும்தான், அங்க ஊசி யாருக்கு வலிக்குதுங்கறது பதிலை சொல்லிடுது.

அடுத்து நினைவு. ஜான் லாக்ங்கற ஆங்கிலத் தத்துவவாதி 17ஆம் நூற்றாண்டுலயே, ஆளை ஆளா ஆக்கறது நினைவுத் தொடர்ச்சின்னு எழுதினாரு, இன்னைக்கு மூளை காப்பி பேசறவங்க பெரும்பாலும் தெரிஞ்சோ தெரியாமயோ அவர் வழிதான். இங்க என் ஆச்சி கதை சொல்லியாகணும். கடைசி நாலு வருஷம் ஆச்சிக்கு எங்க யாரு பேரும் தெரியாது. என்னை தன் தம்பின்னு நினைச்சு "பள்ளிக்கூடம் போகலியாலே"ன்னு கேப்பாங்க. லாக் கணக்குப்படி பார்த்தா அந்த ஆச்சி போயாச்சு, கட்டில்ல வேற யாரோ. எங்க வீட்ல ஒருத்தருக்கு கூட அப்படித் தோணல. ரத்தம் எடுக்க ஊசி குத்தினா முகம் சுருங்கும், அம்மா தலை வாரிவிட்டா கண்ணை மூடிக்கிட்டு சாஞ்சுக்குவாங்க. அந்த சுகமும் வலியும் அதே ஆச்சிக்குத்தான் நடந்துது. ஹென்றி மொலைசன்னு அமெரிக்காவுல ஒருத்தர், வலிப்புக்காக 1953ல ஆபரேஷன் பண்ணி புது நினைவைப் பதிய வைக்கற ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதியில பெரும்பங்கை ரெண்டு பக்கமும் எடுத்தாங்க, அதுக்கப்புறம் 2008ல சாகற வரைக்கும் புதுசா நடந்த எதையும் நினைவுல வச்சுக்க முடியல, தினம் பார்க்கற ஆராய்ச்சியாளரையும் புதுசாத்தான் பார்த்தாரு. அவரும் ஒரே ஆளாத்தான் வாழ்ந்தாரு. நினைவு போனாலும் ஆள் இருக்காருன்னா, நினைவு மட்டும் போய்ச் சேர்ந்த இடத்துல ஆள் போய்ச் சேர்ந்ததா எப்படி சொல்றது?

பார்ஃபிட் கடைசியில வேற முடிவுக்கு வந்தாரு, "அது நானா"ங்கறதே முக்கியமான கேள்வி இல்ல, நினைவும் குணமும் தொடர்ந்தா போதும், சாவைப் பத்தின பயம் கூட அப்படிப் பார்த்தா குறையுதுன்னாரு. அவர் மேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனா இது வெளியிலேந்து பார்க்கறவங்களுக்குத்தான் சரியா வரும்னு நினைக்கிறேன். மகனுக்கு அப்பாவோட குரல், கோவம், பழைய கதை எல்லாம் திரும்பக் கிடைக்கும். அது சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன், ஆச்சியோட "ஏலே" இன்னொரு தடவை கேக்க நானும் எவ்வளவோ கொடுப்பேன். ஆனா அப்பாவுக்கு எதுவும் கிடைக்கல. அது மட்டும் இல்ல, அந்த காப்பிக்கு உணர்வு இருந்தா அது ஒரு புது ஆளு, நாம அழாம இருக்கறதுக்காக உருவாக்கின ஒரு ஆளு. அவருக்கு உடம்பு இல்ல, ஆஃப் பண்ற பட்டன் நம்ம கையில. அவர் "போதும்"னு சொன்னா என்ன பண்ணுவோம்? இதை யோசிக்காம ஆசைப்படறது எனக்கு பயமா இருக்கு.

பணம் கேக்கறவங்களும் வருவாங்க, அதனால இதையும் தெரிஞ்சுக்கோங்க. 2018ல நெக்டோம்னு ஒரு அமெரிக்க கம்பெனி, மூளையை கெமிக்கல்ல பதப்படுத்தி வச்சு பின்னாடி ஒருநாள் படிச்சு எடுக்கலாம்னு சொல்லி, காத்திருப்புப் பட்டியலுக்கு 10,000 டாலர் டெபாசிட் வாங்கினாங்க. பன்றி மூளையில அந்த முறை இணைப்புகளை நல்லா காப்பாத்துதுன்னு அதே வருஷம் ஒரு பரிசும் கிடைச்சுது, அந்த வேலையில குறை இல்ல. ஆனா அதை உயிரோட இருக்கற ஆளுக்குத்தான் செய்யணும், செஞ்சா சாவு நிச்சயம்னு அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. எம்ஐடி பல்கலைக்கழகம் அவங்களோட இருந்த தொடர்பை சீக்கிரமே முடிச்சுக்கிட்டாங்க.

உங்க அப்பா விஷயத்துக்கு வர்றேன். மறதி ஆரம்ப நிலைன்னு சொன்னீங்க, அது என்ன மறதின்னு ஒரு நியூராலஜிஸ்ட்கிட்ட பார்த்தாச்சான்னு எழுதல. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மன அழுத்தம், சில தூக்க மாத்திரை, இதனால வர்ற மறதி வெளியில பார்க்க அதே மாதிரி இருக்கும், சரி பண்ணவும் முடியும், அதனால அந்த ரத்த டெஸ்ட் ரெண்டும் இந்த வாரமே எடுத்துடுங்க, அவர் சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. காது சரியா கேக்குதான்னு பாருங்க, காது கேக்காம போறது மறதியை வேகப்படுத்தலாம், நிறைய வீட்ல அதை வயசுன்னு விட்டுடறாங்க. பிபி, சுகர் கட்டுக்குள்ள இருக்கணும். அவர் குரலையும் கதையையும் போன்ல பதிவு பண்ணி வைங்க, அது உங்களுக்கு. மத்ததெல்லாம் அவருக்கு, அதை முதல்ல பண்ணுங்க.